பதுவை அந்தோணியார்: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களும் ஒரே கத்தோலிக்க மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் கீழ் இருக்கும் பகுதி. 1997 ஜனவரி 24-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. தர்மபுரியில் பேராலயம் திரு இருதய ஆண்டவருடையது. கிருஷ்ணகிரி டவுனில் பாத்திமா அன்னை. கோயில் யார் பெயரில் இருந்தாலும், பெரும்பாலும் உள்ளே ஒரு பக்கம் பழுப்பு அங்கியும் கையில் குழந்தையுமாக அந்தோணியார் நிற்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் முன்னால்தான் மெழுகுவர்த்தி அதிகம் எரியும், அதில் பாதி கிறிஸ்தவர்கள் அல்லாதவர்கள் ஏற்றியது. மறைக்கல்விப் பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்காக்கள், வேறு சபைக்குப் போகும் சித்தப்பா, பெரியப்பா என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அந்தோணியார் எந்த ஊர்க்காரர்? சிலர் லிஸ்பன் என்கிறார்கள், சிலர் இத்தாலியில் இருக்கும் பதுவை என்கிறார்களே?

இரண்டுமே சரி. பிறந்தது போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில், 1195 வாக்கில். வீட்டில் வைத்த பெயர் பெர்னாண்டோ. இளம் வயதிலேயே அகுஸ்தீன் சபையில் சேர்ந்து, கோயிம்ப்ரா நகர மடத்தில் வேதம் படித்துக்கொண்டிருந்தார். 1220-ல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்களைக் கோயிம்ப்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்தவருக்குப் பழைய மடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பிரான்சிஸ்கன் சபைக்கு மாறி, அந்தோணி என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். தானும் மொரோக்கோவில் போய் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கப்பலேறினார். அங்கே போனதும் கடும் நோயில் விழுந்தார். ஊருக்குத் திரும்பும்போது காற்று கப்பலைச் சிசிலித் தீவில் கொண்டுபோய்த் தள்ளியது. இத்தாலிக்கு அவர் வந்து சேர்ந்தது இப்படித்தான், எதுவும் அவர் போட்ட திட்டம் இல்லை.

அங்கே கொஞ்ச காலம் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1222-ல் போர்லி நகரில் ஒரு குருப்பட்ட விழா. பிரசங்கத்துக்கு யாரும் தயாராக வரவில்லை. மூலையில் இருந்த இவரை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோதுதான் கூட இருந்தவர்களுக்கே இவர் யாரென்று தெரிந்தது. அதன் பிறகு இத்தாலி, பிரான்ஸ் என்று ஊர் ஊராகப் பிரசங்கம். பதுவையில் அவர் வாழ்ந்தது கடைசிக் கொஞ்ச காலம் மட்டுமே. 1231 ஜூன் 13-ல் அந்த நகரை ஒட்டிய அர்செல்லாவில் இறந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை.

கொஞ்ச காலமே இருந்த ஊர் அவரைப் பாதுகாவலராக ஏற்றுக்கொண்டது ஏன்?

அந்தோணியாரைப் பற்றி நம்ம பக்கம் குறைவாகப் பேசப்படுவது இதுதான். என்னைக் கேட்டால் முதலில் பேச வேண்டியதும் இதுதான்.

அன்றைய பதுவை பணப்புழக்கம் உள்ள வியாபார நகரம். வட்டிக்கு விடுகிறவர்கள் கொழுத்திருந்தார்கள். கடன் வாங்கித் திருப்ப முடியாதவனைப் பிடித்துச் சிறையில் போடலாம் என்பது அங்கே சட்டம். வீடு, நிலம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் கொடுத்தும் பாக்கி நின்றால் ஆள் உள்ளேதான். உள்ளே இருப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

1231 தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், அந்தோணியார் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். கூட்டம் கோயில்களுக்குள் அடங்காமல் திறந்தவெளிக்கு மாறியது. கடைகளைச் சாத்திவிட்டு வந்தார்கள். விரோதிகள் சமாதானமானார்கள், கந்துவட்டி வாங்கியவர்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிரசங்கத்தோடு அவர் நிறுத்தவில்லை. நகர ஆட்சி மன்றத்தை வற்புறுத்திச் சட்டத்தையே மாற்ற வைத்தார். கடனாளி தன் சொத்தை எல்லாம் ஒப்படைத்துவிட்டால் அதற்கு மேல் அவனைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக்கூடாது என்பது 1231 மார்ச்சில் பதுவை இயற்றிய சட்டம். சகோதரர் அந்தோணி கேட்டுக்கொண்டதால் இது இயற்றப்படுகிறது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மற்ற அற்புதங்களை நம்பலாம், நம்பாமல் போகலாம். இதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது.

வாரத் தவணைக்குக் குழுக் கடன் கட்டுகிற வீடுகளும், மாங்காய் காய்க்கும் முன்பே தோப்பைப் பேசி முன்பணம் வாங்கிவிட்ட குடும்பங்களும் நம்மூரில் எத்தனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் அந்தோணியாரைத் தொலைந்த சாவியைத் தேடித் தருகிறவராக மட்டும் வைத்திருப்பது அவரைச் சிறுசாக்குவது என்பது என் எண்ணம்.

சரி, தொலைந்த பொருளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

அவர் கையால் குறிப்புகள் எழுதி வைத்திருந்த திருப்பாடல் புத்தகம் ஒன்று இருந்தது. அச்சு இல்லாத காலம் அது. ஒரு புத்தகத்துக்காகப் பல மாதம் உட்கார்ந்து எழுத வேண்டும். பயிற்சியில் இருந்த இளம் துறவி ஒருவர் மடத்தை விட்டு ஓடும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தோணியார் வேண்டிக்கொண்டார். ஓடியவர் மனம் மாறித் திரும்பி வந்து புத்தகத்தைக் கொடுத்தார், மடத்திலும் மறுபடி சேர்ந்தார் என்பது கதை. வழியில் கோரமான உருவம் ஒன்று அவரை மறித்து மிரட்டியது என்று சில வடிவங்களில் சேர்த்துச் சொல்வார்கள். அது பிற்பாடு ஏறிய மசாலா மாதிரி தெரிகிறது. கதையில் எனக்குப் பிடித்தது, புத்தகத்தோடு ஆளும் திரும்பி வந்தது.

1991 அக்டோபரில் பதுவைப் பேராலயத்துக்குள் ஆயுதங்களோடு புகுந்த கும்பல் அந்தோணியாரின் தாடை எலும்பு வைத்திருந்த பேழையைத் தூக்கிக்கொண்டு போனது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவரே தொலைந்துபோனார் என்று இத்தாலியே பேசியது. டிசம்பரில் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஏன் அவருக்கு? முருகனுக்கும் அம்மனுக்கும் செவ்வாய் என்பதால் நாம் மாற்றிக்கொண்டதா?

பலர் அப்படி நினைக்கிறார்கள். அது இல்லை. அவர் இறந்தது வெள்ளிக்கிழமை. உடலை எங்கே வைப்பது என்று பெரிய தகராறு. இறந்த இடத்திலிருந்த கன்னியர் மடம் எங்களுக்கு என்றது. அந்தப் பகுதி ஜனங்கள் ஆயுதத்தோடு காவலுக்கு நின்றார்கள். தாம் இறந்தால் பதுவை நகருக்குள் இருக்கும் மரியன்னை கோயிலில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆயரும் நகர அதிகாரிகளும் தலையிட்டு, ஜூன் 17-ல்தான் அடக்கம் நடந்தது. அது செவ்வாய். அன்றே நோயாளிகள் பலர் குணமானார்கள் என்று சொல்லப்பட்டது.

நவநாள், அதாவது இத்தனை நாள் அல்லது வாரம் என்று கணக்கு வைத்துத் தொடர்ந்து வேண்டுவது, முறையாக வந்தது ரொம்பப் பிந்தி. 1617-ல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் ஒரு பெண் ஒன்பது செவ்வாய் வேண்டிக் குழந்தை வரம் பெற்றதாகச் சொல்வார்கள். ஜூன் 13 அவர் நாள் என்பதால் ஒன்பது பிறகு பதின்மூன்றாக வளர்ந்தது. நம்மூரில் செவ்வாய் ஏற்கெனவே விசேஷமான கிழமையாக இருந்ததால் எளிதாக ஒட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பதின்மூன்று செவ்வாயில் ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஓசூர் கம்பெனியில் ஷிப்டு மாறிவிட்டது, பஸ் கிடைக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எத்தனையோ வரும். விட்டதை அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சபை இதற்குக் கணக்குப் புத்தகம் எதுவும் வைத்திருக்கவில்லை.

'இந்த ஜெபத்தைப் பதின்மூன்று பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெட்டது நடக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அழித்துவிடுங்கள். மிரட்டி ஜெபிக்க வைக்கிற வேலை அந்தோணியாருடையது அல்ல.

அவருடைய நாக்கு அழியாமல் இருக்கிறது என்பது உண்மையா?

பதுவைப் பேராலயத்தில் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள், போகிறவர்கள் பார்க்கலாம். 1263-ல் புதிதாகக் கட்டிய கோயிலுக்கு அவர் உடலை மாற்றக் கல்லறையைத் திறந்தார்கள். அடக்கம் செய்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடல் மண்ணாகிப்போயிருந்தது, நாக்கு மட்டும் ஈரம் மாறாமல் இருந்தது. அப்போது பிரான்சிஸ்கன் சபைத் தலைவராக இருந்த புனித பொனவெந்தூர் அதைக் கையில் எடுத்து, கடவுளை எப்போதும் புகழ்ந்த நாவே என்று வாழ்த்தினார் என்பது வழிவழிச் செய்தி. 1981-ல் மறுபடி கல்லறையைத் திறந்து மருத்துவ வல்லுநர்கள் எலும்புகளை ஆராய்ந்தார்கள். இப்போது நாம் காண்பது உலர்ந்து கறுத்துப்போன சிறு துண்டுதான். படங்களில் சிவப்பாகப் பளபளவென்று போடுவதை நம்ப வேண்டாம்.

மீனுக்குப் பிரசங்கம் செய்தாராம், கழுதை முழங்காலிட்டதாம். இதெல்லாம் நடந்ததா?

இரண்டும் ரிமினி என்ற கடற்கரை ஊரில் நடந்ததாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். மனிதர்கள் கேட்கவில்லை என்றதும் அவர் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய் மீன்களைக் கூப்பிட்டுப் பேச, அவை தலையைத் தூக்கி வரிசையாக நின்று கேட்டனவாம். இன்னொன்றில், நற்கருணையை (பூசையில் இயேசுவின் உடலாக ஏற்கும் அப்பத்தை) நம்பாத ஒருவன் பந்தயம் கட்டுகிறான். மூன்று நாள் தன் கோவேறு கழுதையைப் பட்டினி போடுகிறான். நான்காம் நாள் ஒரு பக்கம் தீவனம், மறு பக்கம் நற்கருணையோடு அந்தோணியார். பசியோடு வந்த மிருகம் தீவனத்தைப் பார்க்காமல் நற்கருணை முன் முழங்காலிடுகிறது. இதே கதையைப் பிரான்சில் வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் நடந்ததாகச் சொல்வார்கள்.

இவற்றை விசுவாசப் பிரமாணமாக ஏற்க வேண்டும் என்று யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பதுவைப் பேராலயப் பீடத்துக்காகத் தொனத்தெல்லோ என்ற சிற்பி 15-ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்த நான்கு அற்புதங்களில் இந்தக் கழுதையும் உண்டு, கஞ்சனின் இதயமும் உண்டு. இறந்துபோன ஒரு பணக்காரக் கஞ்சனின் அடக்கத்தில், இவன் இதயம் நெஞ்சில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது என்கிறார் அந்தோணியார். திறந்து பார்க்கிறார்கள், பெட்டிக்குள் இதயம் கிடக்கிறது. வட்டிக்காரர்கள் நிறைந்த நகரத்தில் இந்தக் கதை ஏன் பிறந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கையில் குழந்தை யார்? அவருக்குக் குழந்தை உண்டா?

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிஜமாகவே கேட்கிற கேள்வி. அவர் துறவி. கையில் இருப்பது குழந்தை இயேசு. கடைசி நாள்களில் பதுவைக்கு அருகே கம்போசம்பியேரோவில் ஒரு பிரபுவின் இடத்தில் தங்கியிருந்தார். அங்கே பெரிய வால்நட் (அக்ரூட்) மரம் ஒன்றின் கிளைகளில் அவருக்குப் பரண் மாதிரிச் சிறு அறை கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஊரில் இரவில் அவர் அறையிலிருந்து வெளிச்சம் வருவதைக் கண்டு எட்டிப் பார்த்த பிரபு, குழந்தை இயேசு அவர் கைகளில் இருப்பதைப் பார்த்தார் என்பது மரபு. சுரூபத்தில் இருக்கும் லீலி மலர் தூய்மைக்கு அடையாளம். புத்தகம் அவருடைய வேத அறிவுக்கு. 1946-ல் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே போதகராக, அறிவித்தது. மிகப் பழைய ஓவியங்களில் புத்தகம்தான் இருக்கும், குழந்தை பின்னால் வந்து சேர்ந்தது.

அந்தோணியார் ரொட்டி என்றால் என்ன?

பதுவையில் கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம். அருகே குடியிருந்த ஒரு தாயின் சிறு குழந்தை, தொம்மாசினோ என்று பெயர், தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மூச்சு நின்றது. குழந்தை பிழைத்தால் அதன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருகிறேன் என்று தாய் நேர்ந்துகொண்டாள். குழந்தை எழுந்தது. நம்ம ஊர்த் துலாபாரம் போலத்தான். ஒரே வித்தியாசம், தானியம் கோயிலுக்குப் போகவில்லை, பசித்தவர்களுக்குப் போனது. பிரான்சின் தூலோன் நகரத்தில் 1890-களில் இது ரொட்டியும் காணிக்கைப் பெட்டியுமாக மாறி உலகமெங்கும் பரவியது.

நம்ம பக்கம் செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து பன்னோ பிரட்டோ மந்திரித்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். திருவிழாவில் அன்னதானம் போடுவதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். மந்திரித்த பன்னைப் பீரோவுக்குள் வைத்துப் பூசணம் பிடிக்க விடுவதற்குப் பதில், பசித்த ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

வனத்து அந்தோணியாரும் இவரும் ஒருவரா?

இல்லை. வனத்து அந்தோணியார் எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்தவர், சுமார் 900 ஆண்டு மூத்தவர். பெர்னாண்டோ தனக்கு எடுத்துக்கொண்டது அவருடைய பெயரைத்தான். அவர் திருநாள் ஜனவரி 17. பொங்கலை ஒட்டி வருவதால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் அன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிவந்து மந்திரிப்பார்கள். திண்டுக்கல் பக்கம் கொசவபட்டியில் அந்தோணியார் பெயரில் ஜல்லிக்கட்டே உண்டு. சுரூபத்தில் நீளத் தாடியும் பக்கத்தில் பன்றியும் இருந்தால் அவர் வனத்து அந்தோணியார். தாடி இல்லாத இளைஞராகக் குழந்தையோடு நின்றால் பதுவையார்.

பெண்ணுக்கு வரன் அமைய அவரிடம் வேண்டலாமா?

தாராளமாக. லிஸ்பனில் அவர் கல்யாணச் சாமியாகவே ஆகிவிட்டார். ஜூன் 12 இரவு தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை, பாட்டு, ஆட்டம். வசதியில்லாத ஜோடிகளுக்கு அன்று நகரமே கல்யாணம் செய்து வைக்கும் வழக்கம் 1958-ல் தொடங்கியது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும், மாப்பிள்ளை கிடைக்கும்வரை அவர் சுரூபத்தைத் தலைகீழாக நிறுத்தி வைக்கும் பெண்களும் உண்டு. இதை நம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், பாட்டியிடம் திட்டு வாங்க நேரும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. வரலாமா? மொட்டை, காது குத்து?

வரலாம். யாரும் கேட்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி, மாலை, எண்ணெய் எதுவும் தரலாம். மொட்டையும் காது குத்தும் எல்லாக் கோயிலிலும் இருக்காது, பங்குச் சாமியாரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. நற்கருணை வாங்க வரிசையில் மட்டும் நிற்காதீர்கள். அது ஞானஸ்நானம் பெற்றுப் புதுநன்மை எடுத்தவர்களுக்கு. பக்கத்தில் நிற்பவர் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

வேறு சபைக்குப் போகிற சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்பதில் கத்தோலிக்கர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்தோணியாரிடம் எங்களுக்காக மன்றாடும் என்றுதான் கேட்கிறோம், மன்றாட்டு மாலையில் திரும்பத் திரும்ப வருவதும் அதுதான்.

தமிழர்கள் கூடும் பெரிய அந்தோணியார் கோயில்கள் எவை?

திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி. நோய் பரவிய கப்பல் ஒன்றில் தச்சர் செதுக்கிய சுரூபம் அங்கே வந்து சேர்ந்தது என்பது அந்த ஊர்க் கதை. தூத்துக்குடி மாவட்டத்தில் புளியம்பட்டி. கடலுக்கு நடுவே கச்சத்தீவு; இங்கிருந்தும் இலங்கையிலிருந்தும் மீனவர்கள் படகில் போய் ஒன்றாகத் திருவிழா கொண்டாடுகிற இடம். கொழும்பில் கொச்சிக்கடை, 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்தும், சீர்செய்து சில வாரங்களிலேயே மறுபடி திறந்தார்கள். எல்லா மதத்தவரும் அங்கே செவ்வாய்க்கிழமை வருவார்கள்.

வேண்டியும் கிடைக்கவில்லை. எங்கள் விசுவாசத்தில் குறையா?

கோடி அற்புதர் என்று நாம் கூப்பிடுகிற அவரே கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவர்தான். 1231-ல், சாவதற்குச் சில வாரம் முன்பு, உடம்பு முடியாத நிலையிலும் வெரோனாவுக்குப் போனார். எட்ஸெலீனோ என்ற கொடுங்கோலன் சிறைபிடித்து வைத்திருந்த ரிட்சார்தோ பிரபுவையும் மற்றவர்களையும் விடச் சொல்லி மன்றாடினார். அவன் அசைந்துகொடுக்கவில்லை. வெறுங்கையோடு பதுவைக்குத் திரும்பினார். இந்தத் தோல்வியைப் பழைய வரலாறுகள் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் இறந்து ஓராண்டு முடியும் முன்பே, 1232 மே 30-ல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். உங்கள் விசுவாசத்தைச் சோதித்து மதிப்பெண் போட வருகிறவர்களை ஒதுக்கிவிடுங்கள். கடன் தொல்லையால் வேண்டுகிறவர் என்றால், வேண்டுதலோடு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவும் கொடுங்கள். அந்தோணியாரே மன்றத்துக்குப் போய்ச் சட்டம் கேட்டவர்.

திருவிழா எப்போது? ஜூன் 13-ல் லீவு இல்லையே?

திருச்சபை நாள்காட்டிப்படி ஜூன் 13. அதற்கு ஒன்பது நாளோ பதின்மூன்று நாளோ முன்பு கொடியேற்றம், தினமும் நவநாள், கடைசி நாளுக்கு முந்தின இரவு தேர்பவனி. பள்ளி திறந்துவிடுவதாலும், பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் வர முடியாததாலும் பல ஊர்களில் மே விடுமுறைக்கோ பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கோ தள்ளிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அதனால் பத்திரிகை அடித்து வந்ததும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம், லாரிகளால் ரோடு நெரிசல். தேர் பார்க்க வருகிறவர்கள் இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுவது வசதி.